நடவு குரூப்பில் ஒரு கேலி

நடவுக் காலத்தில் அம்சவல்லியின் செல்போன் இருக்கும் இடம் வரப்பு. உப்புப் பாக்கெட் கவரைக் கழுவிக் காயவைத்து, அதற்குள் போனைப் போட்டு, வாயை ரப்பர் பேண்டால் இறுக்கி, சோற்றுத் தூக்கின் மூடிமேல் வைத்த பிறகுதான் சேற்றில் இறங்குவாள். மணி அடித்தால் பக்கத்தில் நிற்பவளிடம் கையிலிருக்கும் நாற்றைக் கொடுத்துவிட்டு வரப்பேறுவாள். புறங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கவரோடு காதில் வைத்துப் பேசுவாள். போன் வாங்கி நாலு வருடம் ஆகிறது. ஒருநாள்கூடச் சேற்றில் விழுந்ததில்லை. அவள் அப்படித்தான்.

குடவாசலுக்குத் தெற்கே உள்ள கீழச்சேத்திதான் அவள் ஊர். வயது நாற்பத்தொன்று. படிப்பு ஒன்பதாவது. அப்பாவும் அம்மாவும் பண்ணை நிலத்தில் கூலி வேலை பார்த்தவர்கள். இன்று அம்சவல்லிக்கும் அவள் வீட்டுக்காரர் இராஜாங்கத்துக்கும் சொந்தமாக மூன்று மா நிலம் இருக்கிறது. மூன்று மா என்றால் ஒரு ஏக்கர். மகள் திருவாரூரில் நர்சிங் படிக்கிறாள். சொந்த நிலம் வந்த பிறகும் அம்சவல்லி நடவுக்குப் போவதை விடவில்லை. பதினெட்டுப் பெண்கள் கொண்ட ஒரு செட்டை அவள்தான் கூட்டிப் போகிறாள்.

அவளுக்கு ஒரு அக்கா உண்டு, அமிர்தம். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். இடுப்பு வலி வந்த பிறகு வயலையும் விட்டுவிட்டு அடுத்த தெருவில் தையல் மிஷின் ஓட்டுகிறாள். தங்கையைப் பற்றி யாராவது கேட்டால் மிஷினை நிறுத்திவிட்டுத்தான் பதில் சொல்வாள். "எங்க வீட்டுல கத்தரிக்கோல் எனக்கு, வாய் அவளுக்கு" என்பாள். அந்த வாயால் நடந்ததுதான் இது.

முன்பெல்லாம் மறுநாள் நடவு என்றால் அம்சவல்லி சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்துக்குத் தெருத்தெருவாக நடப்பாள். ஒவ்வொரு வாசலிலும் நின்று, யார் வயல், எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு என்று சொல்லி, வருகிறேன் என்ற வார்த்தையை வாங்கிக்கொண்டு நகருவாள். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் வேறு ஒருத்தியைத் தேடி மறுபடி முதல் தெருவுக்குப் போக வேண்டும். போன் வந்ததும் நடை குறைந்தது, பேச்சு குறையவில்லை. பதினெட்டுப் பேருக்குப் பதினெட்டு முறை அதையே சொல்ல வேண்டியிருந்தது.

அதற்குள் நடவுக்கு வங்காளத்து ஆட்கள் வந்து இறங்கிவிட்டார்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்கள், விடிவதற்குள் வயலில் நிற்பார்கள். பேச்சு இல்லை, வெற்றிலை இல்லை, பொழுது சாய்வதற்குள் வேலை முடிந்திருக்கும். நிலக்காரர்களுக்கு அது பிடித்துவிட்டது. கீழச்சேத்திப் பெண்கள் வங்காளத்து ஆட்களைத் திட்டினார்கள். அம்சவல்லி திட்டவில்லை. "அவங்களும் வயித்துக்குத்தான் அம்புட்டு தூரம் வந்திருக்காங்க. நம்மகிட்ட கை இல்லையா? கை இருக்கு, ஒண்ணு சேரல" என்றாள்.

பத்து மா நடவை ஒரே நாளில் முடிக்க ஒரு செட்டு போதாது. இரண்டு சேர வேண்டும். பக்கத்து ஊரான எருக்கம்படுகையில் ஞானாம்பாள் என்பவளின் செட்டு இருந்தது, இருபத்திரண்டு பேர். அம்சவல்லி போய்ப் பேசினாள். இரண்டு செட்டையும் சேர்த்து வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் தொடங்கினாள். பெயர் 'நாத்து முடி', பறித்துக் கட்டிய நாற்றுக் கட்டின் பேர். படத்துக்கு அவள் வயல் நாற்றங்கால்.

பெண்களில் பாதிப் பேருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. அதனால் குரூப்பில் எழுத்தே கிடையாது, எல்லாம் குரல்தான். மாடு கறந்து முடிந்ததும் அம்சவல்லி பேசிப் போடுவாள். நாளைக்கு யார் வயல், எத்தனை மா, எந்த மதகுக்குப் பக்கத்தில், டீ நிலக்காரர் தருகிறாரா நாமே கொண்டுபோகணுமா. கேட்டவர்கள் வருகிறேன், வரவில்லை என்று ஒரு வார்த்தை பேசிப் போடுவார்கள். அரைமணி நேரத்தில் நாற்பது பேர் கணக்கும் முடிந்துவிடும்.

இது நிலக்காரர்கள் காதுக்கும் போயிற்று. முதலில் கேட்டவர் வேதநாயகம் சார். ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், லுத்தரன் சபைக்காரர், குடவாசலில் குடியிருக்கிறார். "என்னையும் அதுல சேத்துடும்மா. ஆள் இருக்கா இல்லையான்னு ஒவ்வொரு தடவையும் உனக்கு போன் அடிக்க வேண்டாம் பாரு" என்றார். சேர்த்தாள். பிறகு இன்னும் சில நிலக்காரர்கள். கூத்தாநல்லூரிலிருந்து வந்து டிராக்டரில் சேறு அடிக்கும் மூஸாவும் சேர்ந்தார், உழவு முடிந்த வயல் எது என்று சொல்ல வசதியாக. வேலை தேடி வந்தது. வங்காளத்து ஆட்கள் வந்த பிறகு வேலை குறைந்திருந்த பெண்களுக்கு அந்தச் சம்பா பருவத்தில் சும்மா இருந்த நாளே இல்லை.

நடவு வயலில் ஒரு வழக்கம் உண்டு. பெண்கள் வரிசையாக நின்று குனிந்து, நட்டுக்கொண்டே பின்னால் நகர்வார்கள். நட்ட பயிர் முன்னால், வெறும் சேறு பின்னால். ஒருத்தி கை தாமதமானால் இரண்டு பக்கத்தில் இருப்பவர்களும் அவளைத் தாண்டிப் பின்னால் போய், சத்தமில்லாமல் வளைந்து, அவள் முதுகுப் பக்கத்தையும் நட்டு மூடிவிடுவார்கள். அவள் நிமிரும்போது சுற்றிலும் பச்சை, நடுவில் கொஞ்சம் சேறு, அதில் அவள். இதற்குப் பட்டியில் அடைப்பது என்று பேர். ஊர் மேய்ந்த மாட்டைப் பட்டியில் அடைப்பது போலத்தான். அடைத்ததும் ஆளாளுக்குக் கேலி செய்வார்கள். அடைபட்டவள் பதிலுக்கு எடுத்துவிடுவாள். அவள் பதில் நன்றாக இருந்தால் கேலி செய்தவர்கள்தான் குனிந்துகொள்ள வேண்டும். சிரித்து முடித்ததும் வழி விட்டு வேலையைத் தொடர்வார்கள். அந்தச் சிரிப்பில் இடுப்பு வலி கொஞ்சம் மறக்கும்.

இந்த விளையாட்டில் ஞானாம்பாளை மிஞ்ச ஆள் கிடையாது. அறுபதை நெருங்கும் வயது, ஒல்லியான உடம்பு, கணீர்க் குரல். அம்சவல்லி தாவணி போட்ட வயதில் முதல் முதல் நடவுக்கு இறங்கிய அன்றே அவளைப் பட்டியில் அடைத்தவள் ஞானாம்பாள்தான். அன்று அம்சவல்லிக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, அழுதுவிட்டாள். ஞானாம்பாள் பயிரைத் தாண்டி வந்து, "அழுதா நாத்து நட்டுடுமா? வாயத் தொறடி" என்றாள். அம்சவல்லிக்கு வயலில் வாய் வந்தது அப்படித்தான்.

ஐப்பசி தொடக்கத்தில் ஒரு திங்கட்கிழமை அந்த ஞானாம்பாளே பட்டியில் மாட்டிக்கொண்டாள். அவள் கை முன்போல இல்லை என்பது எல்லோருக்கும் கொஞ்ச நாளாகத் தெரியும். யாரும் காட்டிக்கொண்டதில்லை. அன்று இரண்டு பக்கத்திலும் இளசுகள், நடுவில் அவள். அம்சவல்லிதான் கண்ணைக் காட்டினாள். வளைத்து நட்டு மூடிவிட்டார்கள்.

ஞானாம்பாள் நிமிர்ந்து சுற்றிப் பார்த்தாள். "அடைங்கடி அடைங்க. பட்டியில அடைச்ச மாட்டுக்குத் தீனி போடணும்ல? டீயும் வடையும் இங்கேயே கொண்டாங்க. நான் உக்காந்து தின்னுட்டு, நீங்க நடுறதப் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றாள். வயலே சிரித்தது. கணக்கு அங்கேயே தீர்ந்துபோயிற்று.

தீர்ந்ததை அம்சவல்லி அன்று சாயங்காலம் மறுபடி திறந்தாள். மனசு நன்றாக இருந்தது. வியாழக்கிழமை வேதநாயகம் சாருக்குப் பத்து மா நடவு, இரண்டு செட்டும் போக வேண்டும். மாட்டுக்கொட்டகையில் நின்றபடி போனை வாய்க்கு நேராகப் பிடித்துச் செவ்வாய்க்கிழமை வேலையைச் சொன்னாள், வியாழக்கிழமை வேலையையும் சொன்னாள். பிறகு விரலை எடுக்காமல் தொடர்ந்தாள்:

"ஞானாம்பா அக்காவ மட்டும் இப்பவே கெளம்பி வந்து நட ஆரம்பிக்கச் சொல்லுங்கம்மா. இன்னிக்கு அவங்க நட்ட வேகத்துக்கு, கடைசி முடி நடுறதுக்குள்ள முன்னால நட்டது கதிரு வாங்கி அறுப்பு மெஷினே வந்து சேந்துரும்!"

சிரிக்கும் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. நாலைந்து பேர் சிரித்தே பேசிப் போட்டார்கள். அம்சவல்லியும் சிரித்துக்கொண்டே பால் ஊற்றப் போனாள்.

செவ்வாய்க்கிழமை காலை எருக்கம்படுகையிலிருந்து ஒருத்தியும் வரவில்லை.

வரவில்லை என்ற குரலும் குரூப்பில் இல்லை. அம்சவல்லி வரப்பேறி ஞானாம்பாளின் மருமகள் கலைமகளுக்கு போன் அடித்தாள். கலைமகள் பி.ஏ. முடித்தவள், அந்தப் பருவத்தில் மாமியாரோடு நடவுக்கு வந்துகொண்டிருந்தாள். ஞானாம்பாளிடம் இருப்பது பட்டன் போன். குரூப்பை அவள் கேட்பது மருமகள் போனில்தான்.

"என்ன கலை, ஒருத்தரையும் காணோம்?"

"நீங்க போட்டீங்களே சித்தி, அதத்தான் கேக்கணும்." கலைமகளின் குரல் தாழ்ந்திருந்தது. "வேலைதான் சொல்லியிருப்பீங்கன்னு ஸ்பீக்கர்ல போட்டுட்டேன். எங்க அப்பா அம்மா வந்திருந்தாங்க. எல்லாரும் சாப்பிட உக்காந்திருக்காங்க. அத்தை பரிமாறிக்கிட்டு இருக்காங்க."

"ஐயையோ."

"எங்கப்பா வேற சிரிச்சிட்டாரு."

சம்பந்தி சிரித்தார் என்றதும் அம்சவல்லிக்குக் காலடி வரப்பே சேறாகி உள்ளே இறங்கியது போல இருந்தது.

அவள் போனை வைப்பதற்குள் அடுத்த அழைப்பு. வேதநாயகம் சார்.

"அம்சவல்லி, வியாழக்கிழமை வேலைய நான் வேற மாதிரி வச்சுக்கலாம்னு பாக்குறேன். ஞானாம்பாள் செட்டு ரொம்ப மெதுவாமே? நாத்து முத்திக்கிட்டே போகுது. மழை வேற கட்டி நிக்குது. பெங்கால்காரங்கள வரச் சொல்லிடலாம்னு இருக்கேன். அந்தம்மாவுக்கும் சொல்லிட்டேன்."

"சொல்லிட்டீங்களா? சார், அது வெளாட்டுக்குச் சொன்னது சார்."

"குரூப்புல போட்டா ஆபீஸ் நோட்டீஸ் மாதிரிதானேம்மா? நீ காலையில ஆறு மணிக்கு வாங்கன்னா நம்புறேன். அதே வாயால மெதுவா நடுறாங்கன்னா, அத மட்டும் வெளாட்டுன்னு எப்படி எடுத்துக்குறது?"

அவர் கோபமாகப் பேசவில்லை. அதுதான் அம்சவல்லியை அதிகம் சுட்டது. அவர் கேட்டதில் தப்பும் இல்லை. வயலில் நாற்பது பெண்கள் நடுவே சொல்லும் பேச்சை, நிலக்காரர்களும் டிராக்டர்காரரும் சாப்பிட உட்கார்ந்த சம்பந்தியும் கேட்கும் இடத்தில் கொண்டுபோய் வைத்திருந்தாள்.

மத்தியானம் அதை அழிக்கப் பார்த்தாள். தன் குரலின் மேல் விரலை அழுத்திப் பிடித்தாள். எல்லோருக்கும் நீக்கவா, உனக்கு மட்டும் நீக்கவா என்று போன் கேட்டது. வெயிலில் கண் கூசியது, விரலில் ஈரம். உனக்கு மட்டும் என்பதில் விரல் பட்டுவிட்டது. அவள் போனில் அது மறைந்தது. மற்ற எல்லோர் போனிலும் அப்படியே இருந்தது. இனி அதை நீக்க அவளாலும் முடியாது.

சாயங்காலம் மன்னிப்புக் கேட்டுப் பேசிப் போட்டாள். "ஞானாம்பா அக்காவ நேத்து நான் சொன்னது தப்பு, யாரும் மனசுல வச்சுக்காதீங்க" என்று. அது இன்னும் மோசமாகப் போயிற்று. முதல் நாள் குரூப்பைப் பார்க்காதவர்களெல்லாம் என்ன சொன்னாள் என்று தேட ஆரம்பித்தார்கள். மூஸா பேசிப் போட்டார்: "தங்கச்சி, நேத்து பூரா மன்னார்குடி பக்கம் உழவு, நான் எதுவும் கேக்கல. என்ன சொன்னீங்க? மறுபடி ஒருக்கா போடுங்களேன்." யாரோ ஒரு புண்ணியவதி அவருக்காகத் தேடி எடுத்து மறுபடி போட்டாள்.

அம்சவல்லி போனை உப்புக் கவருக்குள் திணித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள். அமிர்தம் ஜாக்கெட்டுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றுவிடாமல் கேட்டாள். ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சரி, அதுக்கு அவ என்ன சொன்னா?" என்றாள்.

"எதுக்கு?"

"நீ கேலி பண்ணதுக்கு."

"அவங்க எங்கேருந்து சொல்லுவாங்க? அவங்ககிட்ட அந்த போன் இல்லையே."

அமிர்தம் மறுபடி மிஷினை மிதிக்க ஆரம்பித்தாள். கேலி செய்தால் பதில் சொல்ல விட வேண்டும். வயலில் அது சொல்லாமலே நடக்கும். ஞானாம்பாளைப் பட்டியில் அடைத்ததில் தப்பில்லை. வாயைக் கட்டிப்போட்டு அடைத்ததுதான் தப்பு. அதை வெறும் மன்னிப்பால் சரிக்கட்ட முடியாது என்று அம்சவல்லிக்குப் பட்டது. பதில் பாக்கி இருக்கிறது.

புதன்கிழமை நடவு மத்தியானத்தோடு முடிந்தது. அம்சவல்லி கால் கழுவிவிட்டு நேராக எருக்கம்படுகைக்கு நடந்தாள். ஞானாம்பாள் வீட்டுக் கொல்லையில் அரிவாள்மனை போட்டுக் கெண்டை மீன் அரிந்துகொண்டிருந்தாள். ஏறிட்டுப் பார்த்தாள், வா என்று சொல்லவில்லை.

"அக்கா."

"என்னடி, அறுப்பு மெஷின் வந்துருச்சா?"

"திட்டுங்கக்கா. திட்டத்தான் வந்தேன்."

"நான் எதுக்குத் திட்டப் போறேன்? வயசாயிருச்சு, கை ஓடல. உள்ளதத்தானே சொன்னே." மீன் செதில் பறந்தது. "வயக்காட்டுல சொல்லியிருந்தா உன் தலமுடிய எண்ணிக் கையில குடுத்திருப்பேன். இட்லிச் சட்டிய எறக்கிக்கிட்டு நிக்கிறேன், மருமக கையில இருக்குற போன்லேருந்து நீ பேசுற. சம்பந்தி பல்லக் காட்டுறாரு. யார்கிட்ட நான் பதில் சொல்றது? அந்த போன்கிட்டயா?"

"அதத்தான் கேக்க வந்தேன். நாளைக்கு வாங்க. எல்லாரும் பாக்க என்னைப் பட்டியில அடைங்க. அந்த குரூப்புலயே பதில் சொல்லுங்க. கலை போன புடிச்சுக்கும்."

"உன் போனுக்குப் பேச எனக்குத் தெரியாது. வேல வேற இல்லைன்னு சாரே சொல்லிட்டாரு."

அம்சவல்லி அங்கேயே நின்று வேதநாயகம் சாருக்கு போன் அடித்தாள். ஸ்பீக்கரில் போட்டாள், இந்த முறை தெரிந்தே.

"சார், அம்சவல்லி. ஒரே வார்த்தை. எருக்கம்படுகை செட்டு இருபத்திரண்டு பேரு. அதுல ஒருத்தர் ஒருநாள் பின்தங்கினாங்க. அத நான் செட்டு மேல ஏத்தி உங்க காதுல போட்டுட்டேன். அந்தச் செட்டு இல்லாட்டி இந்தப் பருவத்துல நான் எந்தப் பத்து மாவையும் ஒரு நாள்ல முடிச்சிருக்க மாட்டேன்."

"பெங்கால் பசங்களுக்குக் கொரடாச்சேரியில வேல இன்னும் முடியலையாம். வெள்ளிக்கிழமைதான் வர முடியும்னாங்க" என்றார் வேதநாயகம் சார். "நாத்து பறிச்சுக் கட்டு கட்டா கெடக்குதும்மா. நாளைக்குக் காலையில நாப்பது பேரும் வந்து நின்னா நடுங்க. பாதிப் பேருதான் வர்றீங்கன்னா வேணாம். பாதி நட்டு மழையில மாட்டிக்க முடியாது. வெள்ளிக்கிழமை அவங்களே முழுசா நடட்டும்."

"சரிங்க சார்."

போனை வைத்துவிட்டு அவள் ஞானாம்பாளைப் பார்த்தாள். ஞானாம்பாள் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கலை, இவளுக்கு ஒரு டீ போடு" என்றாள். அம்சவல்லி டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி நடந்தாள். அன்று சாயங்காலம் குரூப்பில் எப்போதும் போல வேலையை மட்டும் சொன்னாள். தன் செட்டுக்காரிகள் பதினெட்டுப் பேரும் வருகிறேன் என்றார்கள். எருக்கம்படுகையிலிருந்து ஒரு குரலும் வரவில்லை.

வியாழக்கிழமை காலை வானம் ஈயப் பாத்திரம் மாதிரி மங்கியிருந்தது. வேதநாயகம் சார் குடையோடு வரப்பில் நின்றார். கீழச்சேத்திப் பெண்கள் பதினெட்டுப் பேரும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தயாராக நின்றார்கள், சேற்றில் மட்டும் இறங்கவில்லை. பாதிப் பேர் என்றால் வேண்டாம் என்பது சாரின் வார்த்தை. அவர் மணிக்கட்டைப் பார்த்தார். அம்சவல்லி ரோட்டைப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் சார்" என்றாள்.

"நான் ஒண்ணும் சொல்லலையேம்மா" என்றார் அவர்.

மதகுப் பக்கத்தில் ஒரு குட்டியானை வண்டி திரும்பியது. பின்னால் பெண்கள் நின்றுகொண்டு வந்தார்கள், கம்பியைப் பிடித்தபடி, நெருக்கியடித்து. முன்னால் டிரைவர் பக்கத்தில் ஞானாம்பாள் உட்கார்ந்திருந்தாள். இறங்கியதும் சாருக்கு ஒரு கும்பிடு போட்டாள். அம்சவல்லியைப் பார்க்காமலே வந்து வரிசையில் அவளுக்கு அடுத்த இடத்தில் நின்றாள்.

வேதநாயகம் சார் குடையை மடக்கிவிட்டுக் கண்ணை மூடினார். ஒவ்வொரு நடவுக்கும் செய்கிற வழக்கப்படி சின்னதாக ஒரு ஜெபம் சொன்னார். ஆமென் என்றதும் நாற்பது பேரும் சேற்றில் இறங்கினார்கள்.

காலை முழுக்கப் பேச்சே இல்லை. வங்காளத்து ஆட்கள் மாதிரி நட்டார்கள். நாற்று முடிகள் பறந்து வந்து விழும் சத்தம்தான் கேட்டது. அம்சவல்லிக்கு ஒரு பக்கம் ஞானாம்பாள், மறுபக்கம் கலைமகள். கேலி வரும் வரும் என்று காத்து அம்சவல்லிக்குக் கழுத்து நொந்தது. வரவில்லை. தாமதமாகி அடைபடலாம் என்று வேண்டுமென்றே கையைத் தளர்த்திப் பார்த்தாள். ஞானாம்பாள் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு அவளும் தளர்த்திக்கொண்டாள். தானாகப் பட்டிக்குள் நுழையும் மாட்டை அடைப்பதில் என்ன இருக்கிறது?

சாப்பாடு முடிந்து மறுபடி இறங்கிக் கொஞ்ச நேரத்தில் வரப்பில் மணி அடித்தது. அடுத்த வாரத்துக்கு ஆள் கேட்டு ஒரு நிலக்காரர். அம்சவல்லி வரப்பேறி, கவரோடு காதில் வைத்து, எந்த ஊர், எத்தனை மா, நாற்றுக்கு எத்தனை நாள் என்று எல்லாம் விவரமாகக் கேட்டு முடித்தாள். திரும்பி வந்து தன் இடத்தில் குனிந்தாள். விட்டதைப் பிடிக்க வேகமாக நட்டாள். போன் பேசியவளுக்குச் சுற்றுமுற்றும் பார்க்கத் தோன்றவில்லை.

நிமிர்ந்தபோது நாலு பக்கமும் பச்சை.

ஞானாம்பாளும் கலைமகளும் அவள் முதுகுக்குப் பின்னால் கைகோத்தது போல நட்டு மூடியிருந்தார்கள். எருக்கம்படுகைக்காரிகள் இரண்டாம் அடுக்கும் போட்டிருந்தார்கள். அடுத்த வேலையெல்லாம் கேட்டு வைத்த மகராசி ஒரு பாய் அகலச் சேற்றில் தனியாக நின்றாள்.

"கலை," என்றாள் ஞானாம்பாள், கையை வாய்க்காலில் அலசிக்கொண்டே, "அந்த போன எடுத்தா."

கலைமகள் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய்த் தன் போனை எடுத்துவந்தாள். விரலை அழுத்தி மாமியாரின் வாய்க்கு நேராக நீட்டினாள். நாற்பது பெண்களும் நிமிர்ந்துவிட்டார்கள். ஞானாம்பாள் தொண்டையைச் செருமினாள். பக்கத்து ஊரைக் கூப்பிடுவது போல அந்தச் சின்னக் கருவியிடம் பேசினாள்:

"எல்லாரும் கேட்டுக்கங்க. எருக்கம்படுகை ஞானாம்பா பேசுறேன். வேதநாயகம் சாரு வயல்ல ஒரு மாடு பட்டியில அடைபட்டுக் கெடக்கு. வேலையப் பாக்காம வரப்புல நின்னு கத்திக்கிட்டே இருந்துச்சு, புடிச்சு அடைச்சுட்டோம். கீழச்சேத்தி மாடு மாதிரி தெரியுது. ஊட்டுக்காரரு இராஜாங்கம் வந்து அடையாளம் சொல்லி ஓட்டிக்கிட்டுப் போகலாம். கறவை கெடையாது. சத்தம் மட்டும்தான்!"

வயல் அதிர்ந்தது. அம்சவல்லி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த நாற்றைக் கீழே போட்டாள். வாயைத் திறந்தாள், பதில் சொல்ல. ஒன்றும் வரவில்லை. முதல் நாள் நடவுக்கு வந்த தாவணிப் பெண் மாதிரி நின்றாள், அழவில்லை என்பதுதான் வித்தியாசம்.

வரப்பில் வேதநாயகம் சாரின் சட்டைப் பையில் போன் சிணுங்கியது. நேரிலேயே கேட்டுவிட்ட மனிதர் அதை எடுத்து மறுபடியும் போட்டுக் கேட்டார். "அப்ப இது நோட்டீஸ் இல்ல?" என்று கேட்டார்.

"இல்ல சார்," என்றாள் ஞானாம்பாள். "இது பதில்."

அவர் தலையை ஆட்டிவிட்டு நட்ட பக்கத்தைப் பார்த்தார். பத்து மாவில் எட்டு முடிந்திருந்தது. அதற்குள் மூஸாவின் குரல் வந்துவிட்டது: "அக்கா, அடையாளம் சொல்லுங்க, கொம்பு இருக்கா?" ஞானாம்பாள் கலைமகளின் கையைத் தானே இழுத்து வைத்துக்கொண்டு சொன்னாள்: "கொம்பு இல்ல தம்பி, காதுல உப்புப் பாக்கெட்டு."

கடைசி முடி நட்டு முடிந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். முதல் தூறல் விழுந்தது. நடவுக்கு நல்ல தூறல்தான்.

மறுநாள் அம்சவல்லி குரூப்பை இரண்டாகப் பிரித்தாள். 'நாத்து முடி'யில் நிலக்காரர்கள் இருப்பார்கள், அங்கே வேலை மட்டும். இன்னொன்றுக்கு 'பட்டி' என்று பேர் வைத்தாள், அது நடுகிற பெண்களுக்கு மட்டும். அந்த வாரமே ஞானாம்பாளின் மகன் தன் பழைய போனை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டான். பட்டன் போனைத் தொட்டுப் பழகிய விரலுக்கு அது சொன்னபடி கேட்கவில்லை. ஆனாலும் பேசும் பொத்தான் எது என்பதை மட்டும் ஒரே நாளில் பிடித்துக்கொண்டாள்.

மூஸாதான் விடவில்லை. தன்னையும் பட்டியில் சேர்க்கச் சொல்லி அம்சவல்லிக்கு மூன்று முறை போன் அடித்தார். பெண்களுக்கு மட்டும் என்றாள். அதைக் கேட்ட ஞானாம்பாள் பட்டியில் போட்ட முதல் குரல், இன்றும் அமிர்தம் தையலுக்கு நடுவே தங்கையின் போனை வாங்கிப் போட்டுக் கேட்பது, இதுதான்:

"அம்சா, அந்த டிராக்டர்காரத் தம்பியச் சேக்காத. சேத்தா நான் என்ன சொல்லுவேன்னு எனக்கே தெரியாது. அவரு அரைகுறையா அடிச்சு வைக்கிற சேத்துல நம்ம கால் எறங்க மூணு நாள் ஆகுது, அதப் பத்தி இங்கதான் பேசணும்."